கிராபிக்ஸ் அட்டைக்குப் பெயர் சூட்டுவது யார்?

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து செல்லும் வண்டிகளின் எண் பலகைகளைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். ‘டி.என். 46’ என்று தொடங்கும் எண்கள் பல கண்ணில் படும். அது பெரம்பலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண். சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரியில் ‘டி.என். 61’ என்றிருந்தால், அது அரியலூர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்ட வண்டி. முதலில் வரும் எண், எந்த அலுவலகம் என்பதைச் சொல்கிறது. பின்னால் வரும் எழுத்தும் எண்ணும், அந்த அலுவலகப் பதிவேட்டில் எந்த வண்டி என்பதைச் சொல்கின்றன. வண்டியின் நெற்றியில் உரிமையாளர் தம் குலதெய்வத்தின் பெயரை எழுதிக்கொள்ளலாம். மகளின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால், காவலர் குறித்துக்கொள்வது எண்ணை மட்டுமே.

கணிப்பொறிக்குள்ளும் ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு பதிவு முறை இருக்கிறது. திரையில் படம் வரைந்து காட்டும் கிராபிக்ஸ் அட்டைக்கும் ஒரு பெயர் உண்டு. பெயருக்குப் பின்னால் இரண்டு எண்கள் உண்டு. அந்தப் பதிவு சரியாக நடந்தால்தான் உங்கள் திரையில் படம் ஒழுங்காகத் தெரியும். நடக்காவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் கணிப்பொறியே பழுதானதுபோல் தோன்றும். இந்தப் பதிவை யார் செய்கிறார்கள்? எப்போது செய்கிறார்கள்? இவற்றைப் படிப்படியாகக் காண்போம்.

நம் வீடுகளில் இருக்கும் கணிப்பொறிகள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் மட்டுமல்லாமல் ‘பாஸ்’ என்ற மற்றோர் இயக்க அமைப்பும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் இதை உருவாக்கி 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. இது டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களில் எத்தனையோ வீடுகளுக்கு முதன்முதலில் வந்த கணிப்பொறி இந்த மடிக்கணினிதான்.

வயதான கணிப்பொறிகளுக்குப் புதிய லினக்ஸ் தொகுப்பு ஒன்றை நிறுவி, அவற்றை மீண்டும் பயன்படுத்துவோர் இன்றும் உண்டு. அப்படி நிறுவும்போது பலருக்கும் வரும் முதல் தொல்லை திரையைப் பற்றியதுதான். படம் தெளிவாக இராது. காணொளி விட்டுவிட்டு ஓடும். அல்லது திரை முழுவதும் கறுத்துவிடும். ‘போர்டு போய்விட்டது’ என்று யாராவது சொல்லிவிட்டால், அந்தக் கணிப்பொறி பரணுக்குப் போய்விடும். உண்மையில் போர்டுக்கு எந்தக் குறையும் இல்லாமல், ஒரு சிறிய கோப்பு பிறக்காமல் போனதே காரணமாக இருக்கலாம். ஆகவே அந்தக் கோப்பைப் பற்றி அறிந்துகொள்வது வெறும் அறிவுக்கு விருந்து மட்டுமன்று. பணத்துக்கும் படிப்புக்கும் பயன் தருவது.

திரைக்கு எவ்வளவு வேலை?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரம் ஒன்று கிடக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அதன் புகைப்படத்தை உங்கள் மடிக்கணினித் திரையில் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரை 1366 படப்புள்ளி அகலமும் 768 படப்புள்ளி உயரமும் உடையது என்றால், மொத்தப் புள்ளிகள் 10,49,088. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 4 பைட்டுகள் வேண்டும். ஆக, ஒரு முழுத் திரைக்கு ஏறத்தாழ 42 லட்சம் பைட்டுகள். திரை ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. எனவே நொடிக்கு 25 கோடி பைட்டுகளுக்கு மேல் திரையை நோக்கிச் செல்ல வேண்டும்.

இந்த வேலையைச் செய்வதற்கென்றே கிராபிக்ஸ் அட்டை இருக்கிறது. பல மடிக்கணினிகளில் இது தனி அட்டையாக இராமல், மையச் செயலகத்தின் சில்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும். எனினும் வசதிக்காக ‘அட்டை’ என்றே அழைப்போம். படம் காட்டும் நிரல் இந்த அட்டையுடன் பேச வேண்டும். ஆனால், எந்த நிரலும் வன்பொருளை நேராகத் தொட இயக்க அமைப்பு இடம் தருவதில்லை. இடம் தந்தால், ஒரு நிரலின் தவறு முழுக் கணிப்பொறியையும் முடக்கிவிடும். ஆகவே, இயக்க அமைப்பின் நடுவே ‘கெர்னல்’ எனப்படும் கரு இருந்துகொண்டு, எல்லா வேண்டுகோள்களையும் தானே வாங்கிக் கொடுக்கிறது. அட்டையின் மொழியை அறிந்த ‘டிரைவர்’ என்ற இயக்கி நிரல் இந்தக் கருவுக்குள் இருக்கிறது. கருவின் வாசலில் நின்று, ‘எனக்குக் கிராபிக்ஸ் அட்டை வேண்டும்’ என்று நிரல் எப்படிக் கேட்பது? அதற்கான கதவுதான் ‘சாதனக் கோப்பு’.

கோப்பு அல்லாத கோப்பு

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அதில் அவர்கள் கையாண்ட எளிய கருத்து ஒன்று இன்றளவும் நிலைத்திருக்கிறது. அச்சுப்பொறி, வட்டு, முனையம் ஆகிய எல்லாச் சாதனங்களையும் கோப்புகளாகவே காட்டிவிடுவது என்பதே அது. கோப்பைத் திறக்க, படிக்க, எழுத, மூட எந்தக் கட்டளைகள் உண்டோ, அவையே சாதனங்களுக்கும் போதும். கோப்புக்கு யார் யாருக்கு அனுமதி என்று குறிக்கும் முறையும் அப்படியே சாதனத்துக்குப் பொருந்தும். 1991ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இவ்வழியையே பின்பற்றியது.

இத்தகைய கோப்புகள் எல்லாம் ‘/டெவ்’ என்ற அடைவில் வைக்கப்படுகின்றன. கிராபிக்ஸ் அட்டைக்குரியவை அதற்குள் ‘டிஆர்ஐ’ என்ற உள் அடைவில் இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் ‘கார்டு0’ என்று ஒன்றும், ‘ரெண்டர்டி128’ என்று ஒன்றும் பொதுவாகத் தென்படும். இவற்றின் அளவு என்ன? பூச்சியம் எனலாம். இவற்றுக்குள் எந்தத் தகவலும் எழுதி வைக்கப்படவில்லை. வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் கோப்புகள் அல்ல இவை. ஒரு பெயரும், ஒரு வகைக் குறியும், அனுமதி விவரமும், இரண்டு எண்களும் மட்டுமே கொண்ட பெயர்ப்பலகைகள்.

இரண்டு எண்கள்

அந்த இரண்டு எண்களில் முதலாவதற்கு ‘மேஜர்’ எண் என்றும், இரண்டாவதற்கு ‘மைனர்’ எண் என்றும் பெயர். பேரெண், சிற்றெண் என்று நாம் சொல்லிக்கொள்வோம். பேரெண் என்பது ‘டி.என். 46’, ‘டி.என். 61’ போன்றது, எந்த இயக்கியிடம் போக வேண்டும் என்பதைக் கருவுக்குச் சொல்கிறது. சிற்றெண், அந்த இயக்கியின் பொறுப்பில் உள்ள சாதனங்களில் எது என்பதைச் சொல்கிறது.

லினக்ஸில் கிராபிக்ஸ் அட்டைகளுக்கான பேரெண் 226. ‘கார்டு0’ என்பதன் சிற்றெண் 0. இரண்டாவது அட்டை இருந்தால் ‘கார்டு1’. அதன் சிற்றெண் 1. ‘ரெண்டர்டி128’ என்பதன் சிற்றெண், பெயரிலேயே உள்ளபடி 128. பழைய முறையில் திரை நினைவகத்தை நேராகக் காட்டிய ‘எஃப்பி0’ என்ற கோப்பின் பேரெண் 29. அனுப்பியதையெல்லாம் விழுங்கிவிடும் அடியில்லாக் குப்பைத் தொட்டியான ‘நல்’ என்ற கோப்பின் எண்கள் 1, 3.

ஒரு நிரல் ‘கார்டு0’ என்பதைத் திறக்கும்போது கரு அந்தப் பெயரைப் பொருட்படுத்துவதில்லை. பெயரின் பின்னால் இருக்கும் 226, 0 என்ற எண்களை எடுத்துக்கொண்டு, உரிய இயக்கியிடம் நிரலை அனுப்பி வைக்கிறது. வேறொரு பெயரில் இதே எண்களுடன் ஒரு கோப்பை உருவாக்கினாலும், அதுவும் அதே அட்டைக்கே வழிகாட்டும்.

இதில் ஓர் ஆபத்தும் இருப்பதை நுண்ணறிவுள்ள வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். யார் வேண்டுமானாலும் எந்த எண்ணுக்கும் கோப்பு உருவாக்கலாம் என்றால், வட்டின் எண்களுக்கு ஒரு கோப்பை உருவாக்கி, தமக்கே அனுமதியும் கொடுத்துக்கொண்டு, பிறர் எழுதியவற்றையெல்லாம் படித்துவிட முடியும் அல்லவா? இதனால்தான் சாதனக் கோப்பை உருவாக்கும் ‘எம்கே-நாட்’ என்ற கட்டளை, ‘ரூட்’ எனப்படும் தலைமை நிர்வாகிக்கு மட்டுமே உரியதாக வைக்கப்பட்டிருக்கிறது.

மனைக்கல் மட்டும் நட்ட காலம்

பழைய லினக்ஸில் இந்தக் கோப்புகள் முன்கூட்டியே உருவாக்கி வைக்கப்பட்டன. இயக்க அமைப்பை நிறுவும்போதே ‘மேக்டெவ்’ என்ற நிரல், இருக்கக்கூடிய சாதனங்களுக்கெல்லாம் பெயர்களைப் பதிந்து வைத்துவிடும். நெடுஞ்சாலை ஓரங்களில் மனைப்பிரிவுகளைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாகக் கல் நட்டு எண் போட்டிருக்கும். வீடு ஒன்றுகூட இராது. அதுபோலவே ‘/டெவ்’ அடைவில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருந்தன. அவற்றுள் மிகப் பலவற்றுக்குப் பின்னால் சாதனமே இல்லை. பெயரைப் பார்த்துச் சாதனம் இருக்கிறதா என்று அறிய வழியில்லை. திறந்து பார்த்துப் பிழை வந்தால்தான் தெரியும்.

எண்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. அந்நாளில் பேரெண்ணுக்கு 8 இருமங்கள், சிற்றெண்ணுக்கு 8 இருமங்கள். அதாவது ஒவ்வொன்றிலும் 256 எண்கள் மட்டுமே. 2003ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான 2.6 என்ற பதிப்பில் பேரெண்ணுக்கு 12 இருமங்களும் சிற்றெண்ணுக்கு 20 இருமங்களும் ஒதுக்கப்பட்டன. 4,096 அலுவலகங்கள், ஒவ்வொன்றிலும் 10,48,576 வண்டிகள் என்ற கணக்கில் இடம் பெருகியது.

2001ஆம் ஆண்டு வந்த 2.4 பதிப்பில் ‘டெவ்-எஃப்எஸ்’ என்ற ஏற்பாடு இருந்தது. ரிச்சர்டு கூச் என்பவர் எழுதியது. சாதனம் இருந்தால் மட்டுமே பெயர் தோன்றும் என்பது அதன் சிறப்பு. ஆனால், பெயர் எப்படி அமைய வேண்டும் என்ற கொள்கை கருவுக்குள்ளேயே பூட்டப்பட்டுவிட்டது. வேறு குறைகளும் இருந்தன. 2003ஆம் ஆண்டு கிரெக் குரோவா-ஹார்ட்மன் ‘யூ-டெவ்’ என்ற நிரலை வெளியிட்டார். ‘சாதனம் வந்தது’ என்ற செய்தியைக் கரு சொல்லட்டும். பெயரும் அனுமதியும் கருவுக்கு வெளியே உள்ள விதிக் கோப்புகளின்படி முடிவாகட்டும் என்பது இதன் கருத்து. டெவ்-எஃப்எஸ் 2006ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. பின்பு 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 2.6.32 பதிப்பில் ‘டெவ்-டெம்ப்-எஃப்எஸ்’ என்ற மற்றோர் ஏற்பாடு சேர்ந்தது. அடிப்படைப் பெயரைக் கருவே உடனுக்குடன் உருவாக்கிவிடும். அனுமதி, துணைப் பெயர் ஆகியவற்றை யூ-டெவ் கவனித்துக்கொள்ளும். இன்று நடைமுறையில் இருப்பது இந்தக் கூட்டு முறையே.

பெயர் தோன்றுவதும் மறைவதும் நம் மாவட்டங்களுக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் தனி மாவட்டமானது. 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. 2002இல் பெயர் மறைந்தபோது அரியலூர் மண்ணின் சுண்ணாம்புக்கல் எங்கும் போய்விடவில்லை. ஆனால், மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க மக்கள் பெரம்பலூர் வரை போக வேண்டியிருந்தது. சாதனக் கோப்பு இல்லாத கிராபிக்ஸ் அட்டையும் இப்படித்தான். அட்டை இருக்கும், ஆனால், மனுக் கொடுக்க வாசல் இராது.

ஒரு கோப்பு பிறக்கும் கதை

கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகிறீர்கள். சில நொடிகளுக்குள் நடக்கும் படிகள் இவை.

முதற்படி: கரு, பிசிஐ என்ற இணைப்புத் தடத்தில் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டுப் பார்க்கிறது. ஒவ்வொரு சாதனமும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாதிரி எண்ணையும் தெரிவிக்கும். பதினாறடிமான முறையில் இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. ஏஎம்டி கிராபிக்ஸ் அட்டைகளின் எண் 1002. என்விடியாவின் எண் 10டிஈ. ‘நான் திரை வகையைச் சேர்ந்தவன்’ என்று காட்டும் வகைக் குறி 03.

இரண்டாம் படி: இந்த விவரங்களைக் கோத்து, ‘இன்ன சாதனம் வந்திருக்கிறது’ என்ற செய்தியைக் கரு வெளியிடுகிறது. யூ-டெவ் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் இயக்கியும் தான் எந்தெந்த எண்களுக்கு உரியவன் என்ற பட்டியலை வைத்திருக்கிறது. அப்பட்டியல்களில் தேடி, பொருந்திய இயக்கியைக் கருவுக்குள் ஏற்றச் செய்கிறது யூ-டெவ். இன்டெல் அட்டைகள் பலவற்றுக்கு ‘ஐ915’, ஏஎம்டியின் புதிய அட்டைகளுக்கு ‘ஏஎம்டிஜிபியூ’ ஆகியவை அத்தகைய இயக்கிகள்.

மூன்றாம் படி: ஏறிய இயக்கி அட்டையைச் சோதித்துத் தயார் செய்கிறது. சில அட்டைகளுக்கு ‘ஃபர்ம்வேர்’ என்ற உள்நிரலையும் ஊட்ட வேண்டும். அந்த உள்நிரல் வட்டில் இல்லாவிட்டால் பிறப்பு இந்த இடத்திலேயே நின்றுவிடக்கூடும். டெபியன் தொகுப்பின் நிறுவல் வட்டுகளில், உரிமக் காரணங்களால் இத்தகைய உள்நிரல்கள் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டு வெளியான 12ஆம் பதிப்பிலிருந்தே இயல்பாகச் சேர்க்கப்படுகின்றன.

நான்காம் படி: எல்லாம் சரியானால், ‘நான் தயார்’ என்று இயக்கி டிஆர்எம் என்ற கிராபிக்ஸ் மேலாண்மைப் பகுதியிடம் பதிவு செய்துகொள்கிறது. அப்பகுதி 226 என்ற பேரெண்ணின்கீழ் காலியாக உள்ள சிற்றெண்ணைத் தருகிறது. அந்தக் கணமே டெவ்-டெம்ப்-எஃப்எஸ், ‘கார்டு0’, ‘ரெண்டர்டி128’ என்ற பெயர்களை உருவாக்கிவிடுகிறது. அப்போது அவை ரூட்டுக்கு மட்டுமே உரியவை.

ஐந்தாம் படி: பெயர் பிறந்த செய்தி யூ-டெவ்வுக்கு எட்டுகிறது. அது விதிகளைப் பார்த்து, ‘கார்டு0’ என்பதை ‘வீடியோ’ என்ற குழுவுக்கும், ‘ரெண்டர்டி128’ என்பதைப் பல தொகுப்புகளில் ‘ரெண்டர்’ என்ற குழுவுக்கும் உரிமையாக்குகிறது. அட்டை எந்த இடத்தில் செருகப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு ஒரு துணைப் பெயரையும் சூட்டுகிறது. இது ஏன் தேவை? இரண்டு அட்டைகள் உள்ள கணிப்பொறியில் எது முதலில் பதிவாகிறதோ அதுவே ‘கார்டு0’. அடுத்த முறை வரிசை மாறலாம். மேலும், அண்மை ஆண்டுகளில் கணிப்பொறி எழும்போது ஓர் எளிய தற்காலிக இயக்கி ‘கார்டு0’ என்பதைப் பிடித்துக்கொண்டு, உண்மையான இயக்கி வந்ததும் விலகிவிடும் வழக்கமும் வந்துள்ளது. அப்போது உண்மையான அட்டை ‘கார்டு1’ ஆகிவிடுகிறது. ‘கார்டு0’ என்றே எழுதப்பட்ட நிரல்கள் தடுமாறுகின்றன. இடத்தைக் கொண்டு அமைந்த துணைப் பெயரோ மாறுவதில்லை.

ஆறாம் படி: நீங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வருகிறீர்கள். கணிப்பொறியின் முன்னால் அமர்ந்திருப்பவர் நீங்கள்தான் என்று அறிந்து, ‘லாகின்டி’ என்ற நிரல் அந்தக் கோப்பைத் திறக்க உங்களுக்குத் தனி அனுமதி தருகிறது. நீங்கள் எழுந்துபோய் மற்றொருவர் வந்தால், அனுமதியும் அவருக்கு மாறிவிடும்.

ஏன் இரண்டு வாசல்கள்?

ஓர் அட்டைக்கு ‘கார்டு0’ என்றும் ‘ரெண்டர்டி128’ என்றும் இரண்டு கோப்புகள் ஏன் என்று கேட்கலாம். கிராபிக்ஸ் அட்டைக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, திரையின் அளவையும் காட்சியையும் அமைப்பது. மற்றொன்று, கணக்கிட்டு வரைவது. திரை ஒன்றே ஆகையால், முதல் வேலையை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் செய்ய முடியும். இரண்டாவதையோ எத்தனை நிரல்களும் ஒரே நேரத்தில் செய்யலாம். செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளைச் செய்யும் நிரலுக்குத் திரையே தேவையில்லை.

முன்பு இவ்விரண்டுக்கும் ஒரே வாசல்தான். அதில் ஒரு குறை இருந்தது. ஒரு நிரல் வரைந்த படத்தை மற்றொரு நிரலுக்குத் தர, அந்தப் படம் இருக்கும் நினைவகப் பகுதிக்கு ஒரு சிறிய எண் கொடுக்கப்படும். அந்த எண்ணை ஊகித்துவிட்டால், உள்ளே அனுமதிக்கப்பட்ட வேறெந்த நிரலும் அந்தப் படத்தைப் பார்த்துவிட முடியும். உங்கள் திரையில் திறந்திருக்கும் கடிதத்தையோ வங்கிக் கணக்கையோ பின்னணியில் ஓடும் இன்னொரு நிரல் படிப்பதை எண்ணிப் பாருங்கள்! பலர் மாறி மாறி அமரும் பள்ளி, கல்லூரிக் கணிப்பொறிக் கூடங்களில் இது எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய அச்சம் அன்று.

இதற்குத் தீர்வாகவே ‘ரெண்டர்’ கோப்பு தனியாக வந்தது. 2013ஆம் ஆண்டு சோதனை முறையில் சேர்க்கப்பட்டு, 2014ஆம் ஆண்டு வந்த 3.17 பதிப்பிலிருந்து இயல்பானதாகியது. இந்த வாசல் வழியே வருபவர் திரையைத் தொட முடியாது. எண்ணை ஊகித்து பிறர் படத்தை எடுக்கவும் முடியாது. ஒருவர் தாமாகக் கையளித்தாலன்றி மற்றவருக்குக் கிடைக்காது.

தனி வழியில் சென்ற அட்டை

இதுவரை சொன்னது, தன் மூலநிரலை வெளிப்படையாக லினக்ஸ் கருவோடு சேர்த்துவிட்ட இயக்கிகளுக்குப் பொருந்தும். என்விடியா நிறுவனத்தின் இயக்கி நெடுங்காலம் மூலநிரலை வெளியிடாத, தனி உரிமமுடைய இயக்கியாக இருந்தது. சாதனத்தைப் பதிவு செய்து பெயரைத் தானாகப் பிறக்கச் செய்யும் கருவின் வழிகளோ, ஜிபிஎல் என்ற பொது உரிமத்தை ஏற்ற இயக்கிகளுக்கு மட்டுமே திறந்துவிடப்பட்டவை. ஆகவே என்விடியாவின் கோப்புகள் தாமாகப் பிறப்பதில்லை. அவற்றை உருவாக்க ‘என்விடியா-மாட்ப்ரோப்’ என்ற ஒரு தனி நிரலை அந்நிறுவனம் தருகிறது. சாதாரணப் பயனர் அழைத்தாலும் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. பேரெண் 195 கொண்ட ‘என்விடியா0’, சிற்றெண் 255 கொண்ட ‘என்விடியாசிடிஎல்’ ஆகிய கோப்புகளை அதுவே உருவாக்கும்.

திரையுள்ள கணிப்பொறியில், வரைகலை மேசை தொடங்கும்போதே இது நடந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால், திரை இல்லாமல் கணக்கீட்டுக்கு மட்டும் வைத்திருக்கும் கணிப்பொறியில் அந்த உதவி நிரலும் இல்லையென்றால், விலையுயர்ந்த அட்டை உள்ளே இருந்தும் ‘சாதனம் இல்லை’ என்ற செய்தியே வரும். நிர்வாகி எம்கே-நாட் கட்டளையால் 195 என்ற எண்ணுக்குக் கோப்பை உருவாக்கினால் வேலை தொடங்கிவிடும். 2022ஆம் ஆண்டு மே மாதம் என்விடியா தன் புதிய அட்டைகளுக்கான கருப்பகுதி இயக்கியின் மூலநிரலை வெளியிட்டது.

திரை தகராறு செய்தால்

இனி, நடைமுறைக்கு வருவோம். உங்கள் கணிப்பொறியில் படம் மந்தமாக ஓடினால், போர்டைக் குறை சொல்லும் முன் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

ஒன்று: அட்டை கருவின் கண்ணுக்குத் தெரிகிறதா? ‘எல்எஸ்பிசிஐ’ என்ற கட்டளை பட்டியலைக் காட்டும். அதில் அட்டையே இல்லையென்றால்தான் வன்பொருள் பழுது என்று ஐயப்பட இடமுண்டு.

இரண்டு: அட்டைக்கு இயக்கி பொருந்தியிருக்கிறதா? அதே கட்டளை, கூடுதல் விவரம் கேட்டால், எந்த இயக்கி பொறுப்பேற்றிருக்கிறது என்பதையும் சொல்லும். இயக்கி இல்லையென்றால், தேவையான தொகுதியையோ உள்நிரலையோ நிறுவ வேண்டும்.

மூன்று: ‘/டெவ்/டிஆர்ஐ’ அடைவில் கோப்புகள் பிறந்திருக்கின்றனவா? அடைவே இல்லையென்றால், ‘நோமோட்செட்’ என்ற சொல் தொடக்கக் கட்டளையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது திரை தெரியவில்லை என்று ‘பாதுகாப்பான கிராபிக்ஸ்’ முறையைத் தேர்ந்தவர்களின் கணிப்பொறியில் இச்சொல் தங்கிவிடுவது உண்டு. இது இருந்தால் கிராபிக்ஸ் இயக்கிகள் பதிவு செய்துகொள்ளாமல் ஒதுங்கிவிடும். படம் வரையும் வேலை முழுவதும் மையச் செயலகத்தின் தலையில் விழும். அச்சொல்லை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால், பல வேளைகளில் அட்டை விழித்துக்கொள்ளும்.

நான்கு: கோப்பு இருந்தும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருகிறதா? அப்படியானால் உங்கள் பயனர் பெயரை வீடியோ, ரெண்டர் ஆகிய குழுக்களில் சேர்க்கச் சொல்லுங்கள். தொலைவிலிருந்து வலைப்பின்னல் வழியே உள்ளே வருபவருக்கு லாகின்டியின் தனி அனுமதி கிடைப்பதில்லை. குழுவில் இருப்பதே அவருக்கு வழி.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘கோப்பை எல்லாருக்கும் திறந்துவிடு’, ‘எல்லாவற்றையும் ரூட்டாகவே இயக்கு’ என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். அந்நேரத்துக்கு வேலை நடக்கும். ஆனால், திறந்துவிட்ட கதவு உங்களுக்கு மட்டும் திறந்த கதவு அன்று. மேலும், ‘/டெவ்’ அடைவு நினைவகத்தில் மட்டுமே வாழ்வது. ஒவ்வொரு முறை கணிப்பொறி எழும்போதும் புதிதாகப் பிறப்பது. கையால் மாற்றிய அனுமதி அடுத்த முறை அழிந்துவிடும். நிலையான மாற்றம் வேண்டுமானால், யூ-டெவ் விதிக் கோப்பில் ஒரு வரி எழுதுவதே முறை.

உங்களிடம் லினக்ஸ் உள்ள கணிப்பொறி ஒன்று இருந்தால், இன்றே அந்த அடைவைத் திறந்து பாருங்கள். பார்ப்பதற்கு ரூட் அதிகாரம் தேவையில்லை. பார்ப்பதால் எதுவும் கெட்டுவிடாது. விவரத்துடன் பட்டியலிட்டால், அளவு இருக்க வேண்டிய இடத்தில் 226 என்ற எண்ணும், காற்புள்ளியை அடுத்து 0 அல்லது 1 என்ற எண்ணும் தெரியும். வரியின் தொடக்கத்தில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது சாதாரணக் கோப்பன்று, சாதனக் கோப்பு என்று அறிந்துகொள்ளுங்கள். பெயர், எண், குழு, அனுமதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் திரை தகராறு செய்தால், எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு தாள் போதும்.